கீறலா, புடைப்பா?

"தாத்தா வைத்திருந்த 1862ஆம் வருஷத்து விக்டோரியா ரூபாயில், ராணியின் கழுத்திலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு ஓடுகிறது. கீறல் விழுந்த காசு என்று கடைக்காரர் பாதி விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார்.

அவசரப்படாதீர்கள். காசை மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் வழியாகப் பாருங்கள். கோடு குழிந்திருக்கிறதா, புடைத்திருக்கிறதா? குழிந்திருந்தால் பெரும்பாலும் கடைக்காரர் சொல்வது சரி. புடைத்திருந்தால் அது கீறலே அல்ல, அச்சு விரிசல்.

காசு அடிக்கும் எஃகு அச்சு, அடிமேல் அடி வாங்கி ஒருநாள் விரிசல் விடும். அடுத்து வரும் வெள்ளி வில்லை அந்த விரிசலுக்குள் ஏறிக்கொள்ளும். எங்கள் வீட்டு மர மோதக அச்சில் இப்படி ஒரு விரிசல் உண்டு; பிள்ளையார் சதுர்த்தியன்று செய்கிற ஒவ்வொரு மோதகத்தின் முதுகிலும் ஒரே இடத்தில் ஒரு நரம்பு புடைத்து நிற்கும். விரிசல் நாளுக்கு நாள் வளரும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். ஒரே அச்சில் அடித்த காசுகளைத் திரட்டி, மயிரிழைக் கோட்டிலிருந்து தடித்த கோடு வரை வரிசையாக அடுக்கினால், எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லிவிடலாம். கடைசியில் அச்சின் ஓரம் உடைந்தே போகும். அந்த இடத்தில் எழுத்தும் உருவமும் இல்லாமல் வெறும் வெள்ளி மேடு தட்டியிருக்கும். அதைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

குழிந்த கோடெல்லாம் குற்றம் என்றும் சொல்ல முடியாது. 1794ஆம் ஆண்டு அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்றில் அரம் ராவிய கோடுகள் உண்டு. வில்லையின் எடையைச் சரிக்கட்ட, அடிப்பதற்கு முன்பே அக்கசாலையில் ராவிய தடம் அது. 2013இல் அந்தக் காசு ஒரு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது.

நம் பழைய ரூபாய்களில் சின்னச் சின்ன முத்திரைகள் குத்தியிருப்பதையும் பார்க்கலாம். வெள்ளி நல்ல வெள்ளிதானா என்று சோதித்த சராப்புகள் இட்ட அடையாளம். விலை குறையும்தான், ஆனால் பல கை மாறிய காசு என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம் என்பது என் கட்சி. காசுமாலையிலிருந்து கழற்றிய காசு வேறு ரகம். விளிம்பில் வளையம் பற்றவைத்த இடத்தை ராவி மறைத்து விற்பார்கள். வாங்குமுன் விளிம்பைச் சுற்றிவரப் பாருங்கள்.

இத்தனை அடையாளங்களையும் ஒரே நாளில் அழிக்கிற எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: திருநீறு, பல்பொடி, புளி. குத்துவிளக்கைத் துலக்குகிற கையோடு காசையும் துலக்கிவிடுகிறோம். அடிபடும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்து நுண்ணிய வரிகளை விட்டுச் செல்கிறது. புதுக்காசைச் சாய்த்தால் ஒளி சக்கரம்போலச் சுழல்வது அந்த வரிகளால்தான். தேய்த்தால் அவை போய்விடும். மிஞ்சுவது பளபளப்பும், துணி இழுத்த பக்கமெல்லாம் மயிர்க்கோடுகளும். மேலே படிந்த கறுப்பு, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டானது. அது இருந்துவிட்டுப் போகட்டும். சீராகப் படிந்த கறுப்புக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் உண்டு.

காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். மலிவான பி.வி.சி. உறையில் போட்டு வைத்திருந்தால் இன்றே வெளியே எடுங்கள். அந்தப் பிளாஸ்டிக் நாளடைவில் கசிந்து, காசின் மேல் பச்சைப் பிசுக்காகப் படிந்து அரிக்கும்.