கண்வலிக் கிழங்கு: வேலிப் பூவிலிருந்து மாத்திரை வரை

ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துவிட்டால் தமிழ்நாட்டின் சமவெளிகளில் முட்புதர்களும் வேலிகளும் நிறம் மாறும். விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்ப்புறங்களில் ஆடு மேய்ப்பவர்களுக்கும் வேலி அடைப்பவர்களுக்கும் அந்த நிறத்துக்குக் காரணமான கொடியைத் தெரியும். கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு, கார்த்திகைப் பூ என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். இலக்கியம் படித்தவர்களுக்கு அது செங்காந்தள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலில் நிற்பது இதுதான். தமிழ்நாட்டின் மாநில மலர், ஜிம்பாப்வேயின் தேசிய மலர் என்ற இரண்டு சிறப்புகளும் இதற்கு உண்டு.

இத்தனை பெருமை கொண்ட பூவின் அடியில் இருப்பது கொடிய நஞ்சு. அந்த நஞ்சையே பிரித்தெடுத்து, அளந்து, மாத்திரையாக்கி உலகம் முழுவதும் விழுங்குகிறார்கள். அதற்கான விதையில் பெரும்பங்கை விளைவிப்பவர்கள் தமிழ்நாட்டு விவசாயிகள்.

தாவரவியலாளர்கள் இதை ‘குளோரியோசா சூப்பர்பா’ என்கிறார்கள். 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர் அது. கொடி ஏறும் விதமே தனி. அவரைபோல இதன் தண்டு பந்தக்காலைச் சுற்றாது. பாகல்போலத் தனியாகப் பற்றுக்கம்பியும் விடாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு, கிடைத்த குச்சியைப் பிடித்துக்கொள்ளும். மண்ணுக்கடியில் கலப்பை வடிவில் வளைந்த கிழங்கு இருக்கும். கோடையில் கொடி முழுவதும் காய்ந்து மடிந்தாலும் கிழங்கு உறங்கிக் கிடந்து, அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும்.

பூ விரியும்போது பச்சை கலந்த மஞ்சள். பிறகு மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் இரத்தச் சிவப்பு. நெளிநெளியான ஆறு இதழ்களும் பின்னோக்கி மடங்கி மேலே நிமிர்ந்து நிற்பதால், காற்றில் ஆடும் தீக்கொழுந்தாகவே தெரியும். இதழ்களுக்குக் கீழே ஆறு மகரந்தத் தாள்கள் விரிந்திருக்க, சூல்தண்டு மட்டும் ஏறக்குறைய செங்கோணத்தில் ஒரு பக்கமாக மடங்கி விலகி நிற்கிறது. தன் மகரந்தம் தன் சூலில் விழாமல் இருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. காட்டில் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டுபோகின்றன.

வயலில் அந்த வேலை மனிதக் கைக்கு வருகிறது.

திருப்பூர் மாவட்டத்தின் மூலனூர், தாராபுரம். திண்டுக்கல் மாவட்டத்தின் ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தையம். கரூர் மாவட்டத்தின் வறண்ட பகுதிகள். கடற்கரையில் வேதாரண்யம். இவை கண்வலிக் கிழங்கு பயிராகும் இடங்கள். தண்ணீர் தேங்காத செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் இதற்கு ஏற்றவை. தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். ஜூன், ஜூலை மாதங்களில் கிழங்கை ஊன்றுகிறார்கள். கொடி பற்றி ஏற முள்கிலுவை, விராலி போன்றவற்றை நடுவார்கள். கம்பிப் பந்தலும் போடுவார்கள். ஒருமுறை ஊன்றிய கிழங்கு சில ஆண்டுகள் பலன் தரும். ஆனால் விதைக்கிழங்கின் விலையும் பந்தல் செலவும் சேர்ந்து, முதல் ஆண்டு முதலீடு கையைக் கடிக்கும்.

பூக்கத் தொடங்கியதும் தினமும் காலையில் ஆட்கள் வயலில் இறங்கிவிடுவார்கள். ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தொட்டு வைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை இது. பூச்சிகளை மட்டும் நம்பினால் காய்ப்பு குறைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு பூவையும் தேடித் தொட வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் பெண்களே இதைச் செய்கிறார்கள். உலகச் சந்தைக்குப் போகும் ஒவ்வொரு மூட்டை விதைக்குப் பின்னாலும் இந்தக் காலை நேர உழைப்பு இருக்கிறது.

இந்தக் கொடியைத் தின்றே வாழும் எதிரியும் உண்டு. கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்பும் கலந்த புள்ளிகள் கொண்ட ஒரு புழு, மனிதனைக் கொல்லக்கூடிய இலையைத் தனக்குத் தீங்கின்றி மென்று வளர்கிறது. இலைக்கருகல் நோயும் மழை நாளில் வயலைப் பாழாக்கும். இவற்றையெல்லாம் தாண்டி, ஊன்றிய ஐந்தாறு மாதங்களில் காய் சுருங்கத் தொடங்கும்போது பறித்து, நிழலில் உலர்த்தி, விதையைப் பிரிப்பார்கள். மருந்துச் சரக்கு கிழங்கைவிட விதையில்தான் அதிகம்.

விதை வியாபாரிகள் வழியே மருந்துச் சாறு பிரிக்கும் ஆலைகளுக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. விலை ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக ஏறி இறங்கும். நல்ல விலை வந்த ஆண்டைப் பார்த்துப் பலரும் பயிரிட, அடுத்த ஆண்டு விலை சரியும். குறைந்தபட்ச ஆதரவு விலை வேண்டும் என்று இந்த விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். ஒரு மருந்தின் மூலப்பொருளைத் தாங்கி நிற்கும் பயிருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பது நியாயமே.

விதைக்குள் அப்படி என்ன இருக்கிறது? கோல்ச்சிசின். 1820-இல் பிரான்சில் பெல்லத்தியே, காவந்து என்ற இரு வேதியியலாளர்கள் இதைச் செங்காந்தளின் ஐரோப்பிய உறவான கோல்ச்சிகம் செடியிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நுண்குழல்கள் உண்டு. செல் நகரவும் இரண்டாகப் பிரியவும் அவை தேவை. அந்தக் குழல்களைக் கட்டும் புரதத்தோடு கோல்ச்சிசின் ஒட்டிக்கொண்டு, குழல் உருவாகாமல் தடுத்துவிடுகிறது.

கவுட் எனப்படும் மூட்டுவலியில் யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் தங்கும். அதைத் தாக்க வெள்ளணுக்கள் கூட்டமாகப் பாய்வதால் வீக்கமும் தாங்க முடியாத வலியும் வருகின்றன. சிறிய அளவு கோல்ச்சிசின் அந்த வெள்ளணுக்களின் ஓட்டத்தைத் தளர்த்துகிறது, வலி தணிகிறது. இதய நோயிலும் இப்போது இதைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். மாரடைப்பு வந்த 4,745 பேரிடம் கனடாவிலிருந்து நடத்தப்பட்ட ஆய்வு 2019-இல் வெளியானது. தினமும் 0.5 மில்லிகிராம் எடுத்தவர்களில் 5.5 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 7.1 சதவீதத்தினருக்கும் இதய, இரத்தநாளப் பாதிப்புகள் மீண்டும் வந்தன. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதய நோய்க்கென அதே அளவு மாத்திரைக்கு அனுமதி தந்தது. ஆனால் 2024-இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வு அந்தப் பயனைக் காணவில்லை, விவாதம் முடியவில்லை.

முதுகு பிடித்துக்கொண்டால் மருத்துவர்கள் எழுதித் தரும் தயோகோல்ச்சிகோசைடு மாத்திரைக்கும் மூலப்பொருள் இதே விதைதான். பயிர் ஆராய்ச்சிக் கூடங்களிலும் கோல்ச்சிசினுக்கு இடம் உண்டு. செல் பிரிவதைப் பாதியில் நிறுத்தி, செடியின் குரோமோசோம் எண்ணிக்கையை அது இரட்டிப்பாக்கும். விதையில்லாத் தர்பூசணி அந்த வழியில்தான் உருவானது.

நவீன மருத்துவத்துக்கு வெகு காலம் முன்பே நம் மருத்துவர்கள் இதன் இரு முகங்களையும் அறிந்திருந்தார்கள். ஆயுர்வேதத்தில் இதன் பெயர் லாங்கலி. உபவிஷங்கள் எனப்படும் துணை நஞ்சுகளில் ஒன்றாக அதை வைத்திருக்கிறார்கள். கிழங்கை நறுக்கிக் கோமூத்திரத்தில் ஊறவைத்து, நஞ்சைத் தணிக்கும் சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்ப்பது மரபு. சித்த மருத்துவத்திலும் கலப்பைக் கிழங்குக்குச் சுத்தி முறை உண்டு. வலிக்கும் வீக்கத்துக்கும் மேல்பூச்சாகப் பயன்படுகிறது. இந்திய மருந்துச் சட்ட விதிகளின் இ-1 அட்டவணையில், நச்சுச் சரக்குகளின் பட்டியலில் லாங்கலி இடம் பெற்றிருக்கிறது. அது சேர்ந்த உள்மருந்தின் உறையில் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும்.

வீட்டு வைத்தியம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் என்று அளந்த சரக்கு. தோண்டி எடுத்த கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை யாராலும் கண்ணால் சொல்ல முடியாது. மண்ணும் பருவமும் கிழங்கின் வயதும் அதை மாற்றிக்கொண்டே இருக்கும். வேக வைத்தாலும் நஞ்சு போகாது. சர்க்கரைவள்ளி என்றோ வேறு கிழங்கு என்றோ தவறாக எண்ணிச் சமைத்து உண்டவர்கள் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் உயிரிழந்திருக்கிறார்கள். உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அடுத்த சில நாட்களில் எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் பாதிக்கப்படும். பிழைத்தவர்களுக்கும் இரண்டு மூன்று வாரங்களில் தலைமுடி கொட்டும். இதற்கென்று முறிமருந்து நம் மருத்துவமனைகளில் இல்லை. நேரத்தோடு வந்து சேர்ந்தால் தரக்கூடிய சிகிச்சைதான் உயிரைக் காக்கும்.

தோட்டத்தில் செங்காந்தளை வளர்ப்பதில் தவறில்லை. மாநில மலரை வீட்டு வேலியில் பார்ப்பது மகிழ்ச்சிதான். காட்டில் தோண்டாமல், வளர்ப்பவர்களிடம் கிழங்கு வாங்கி நடுங்கள். சிறு குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாத இடம் பாருங்கள். கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள், பிறகு கையைச் சோப்பால் கழுவுங்கள். சமையல் கிழங்குகளோடு ஒரே கூடையில் வைக்காதீர்கள். யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், வாந்தி வரும்வரை காத்திராமல், மிச்சமிருக்கும் கிழங்குத் துண்டையோ இலையையோ கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐ அழைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.