ஓர் எழுத்து பிசகினால்…

‘மரம்கடல்படம்வயல்’ என்பதை மும்மூன்று எழுத்தாகப் பிரித்தால் நான்கு சொற்கள் கிடைக்கும். முதல் எழுத்தை விட்டுவிட்டுப் பிரித்தால் ‘ரம்க, டல்ப, டம்வ’ என்று உளறல்தான் மிஞ்சும். செல்லுக்குள் புரதம் தயாராகும்போதும் இதே ஆபத்து உண்டு. மரபணுவின் நகலான எம்.ஆர்.என்.ஏ. இழையில் இருப்பவை ஏ, யு, ஜி, சி என நான்கே எழுத்துகள். மூன்றெழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்ற கணக்கில் அதைப் படித்துப் புரதத்தைக் கோக்கிறது ரிபோசோம். சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எங்கே தொடங்குவது?

தொடக்கக் குறி ‘ஏயுஜி’. மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்துக்கான குறியும் அதுவே. அதனால் புரதத்தின் நடுவில் மெத்தியோனைன் வரும் இடங்களிலும் ஏயுஜி இருக்கும். அவற்றில் சரியானதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பாக்டீரியாவின் வழியை 1974இல் ஆஸ்திரேலியாவின் ஜான் ஷைனும் லின் டல்கார்னோவும் விளக்கினார்கள். ஏயுஜிக்குச் சில எழுத்துகள் முன்னால் ‘ஏஜிஜிஏஜிஜி’ போன்ற ஒரு வரிசை இருக்கிறது. ரிபோசோமுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ.வின் வால்நுனியில் அதற்கு இணை எழுத்துகள் உண்டு. இரண்டும் ஒட்டிக்கொண்டதும் ஏயுஜி சரியான இடத்தில் வந்து அமர்கிறது.

நம் செல்களின் வழி வேறு. இங்கே எம்.ஆர்.என்.ஏ.வின் தலைமுனையில் ஒரு வேதித் தொப்பி இருக்கிறது. ரிபோசோமின் சிறு பகுதி மட்டும் முதலில் அங்கே வந்து இறங்கும். மெத்தியோனைனைச் சுமக்கும் டி.ஆர்.என்.ஏ.வும், அதைக் கொண்டுவந்த ஈஐஎஃப்2 என்ற புரதமும் உடன் இருக்கும். இந்தக் கூட்டம் இழைமீது நகர்ந்து, எழுத்துகளைத் துழாவிக்கொண்டே போகும். இந்தக் கருத்தை 1978இல் முன்வைத்தவர் மரிலின் கோசாக். பெரும்பாலும் முதலில் எதிர்ப்படும் ஏயுஜியே தேர்வாகிறது. ஆனால் அக்கம்பக்கமும் முக்கியம்: மூன்று எழுத்து முன்னால் ஏ அல்லது ஜி, ஏயுஜியை அடுத்தாற்போல் ஒரு ஜி இருந்தால் பிடிப்பு வலுக்கும். இல்லையெனில் சில ரிபோசோம்கள் அதைத் தாண்டிப் போய்விடும்.

ஏயுஜியுடன் டி.ஆர்.என்.ஏ. பொருந்தியதும், ஈஐஎஃப்2 பிடித்திருந்த ஜிடிபி மூலக்கூறு உடைகிறது. இனி பின்வாங்க முடியாது. உதவிப் புரதங்கள் விலக, பெரிய பகுதி வந்து மூடிக்கொள்கிறது. கோப்பு ஆரம்பமாகிறது.

ரிபோசோமின் சிறு பகுதியின் அணு அமைப்பைப் பாக்டீரியாவில் 2000இல் வெளிக்கொணர்ந்த குழுக்களில் ஒன்று, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுடையது. 2009இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

பெரும்பாலும் புரதத் தயாரிப்பின் மிக மெதுவான கட்டம் இந்தத் தொடக்கம்தான். செல் தன் கட்டுப்பாட்டைச் செலுத்துவதும் இங்கேதான். வைரஸ் நுழைந்தால், பிகேஆர் என்ற நொதி ஈஐஎஃப்2மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றிப் புதிய தொடக்கங்களை முடக்கிவிடும். வைரஸும் சளைத்ததல்ல. தொப்பியையும் ரிபோசோமையும் இணைக்கும் ஈஐஎஃப்4ஜி புரதத்தைப் போலியோ வைரஸ் வெட்டிவிடுகிறது. செல்லின் சொந்தத் தயாரிப்பு படுத்துவிடும். வைரஸின் ஆர்.என்.ஏ.வுக்கோ தொப்பியே வேண்டாம். அதில் உள்ள மடிப்புகள் ரிபோசோமை இழையின் நடுவிலேயே இறக்கிவிடுகின்றன.

கொரோனாவுக்கு எதிரான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளை வடிவமைத்தவர்களும் இந்தப் பாடத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். தலையில் தொப்பி, ஃபைசர் ஊசியில் ஏயுஜிக்கு முன்னால் கோசாக் சொன்ன எழுத்துகள். தொடக்கம் சரியாக இருந்தால், வாசகம் யாருடையது என்று ரிபோசோம் கேட்பதில்லை.