கேபினெட்டுக்குள் ஒரு ஏலக்காய் ஸ்டோர்

சைடு பேனலைக் கழற்றியாச்சு. வாங்க, வாங்க, எட்டிப் பாருங்க! போடிநாயக்கனூரில் ஒரு மாடி அறை. ஜன்னலுக்கு வெளியே மலை, மேசைமேல் வீட்டிலேயே கோத்த கம்ப்யூட்டர். உள்ளே ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசஸர். சொந்தக்காரன் என் அக்கா மகன், கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். சித்திரை வெயிலில் முகூர்த்த வீடியோவை ரெண்டர் போட்டால் பிராசஸர் 90 டிகிரியை உரசுகிறது, ஃபேன் அலறுகிறது. இந்தச் சிப்புக்கு ஏஎம்டி வைத்திருக்கும் உச்சவரம்பே 90தான். அதைத் தொட்டால் சிப் தானே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். அதனால்தான் இன்று புதுக் கூலர் ஏறப்போகிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை!

இப்போது உள்ளே இருப்பது பிராசஸரோடு சேர்ந்தே வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலர். வட்டமான அலுமினியக் கட்டி, மேலே ஒரு ஃபேன், அவ்வளவுதான். கணக்கு எழுத, படம் பார்க்கத் தாராளமாகப் போதும். மணிக்கணக்கில் ரெண்டர் என்றால் திணறும்.

அதன் இடத்துக்கு வரப்போவது டீப்கூல் ஏஜி400. ஆகா, என்ன அழகு! 150 மில்லிமீட்டர் உயரக் கோபுரம், அடுக்கடுக்காக அலுமினியத் தகடுகள், அவற்றைத் துளைத்துக்கொண்டு ஏறும் நான்கு செப்புக் குழாய்கள், முன்னால் 120 மில்லிமீட்டர் ஃபேன். விலை 2,000 ரூபாயை ஒட்டித்தான். 65 வாட் சிப்புக்குத் தண்ணீர்க் கூலரெல்லாம் தேவையே இல்லை. வாங்குமுன் பார்க்க வேண்டியவை மூன்று: கூலர் நம் சாக்கெட்டுக்குப் பொருந்துமா (இங்கே ஏஎம்4), கேபினெட் எத்தனை உயரம்வரை இடம் தரும், உயரமான ரேம் ஃபேனில் இடிக்குமா.

மாயமெல்லாம் அந்தச் செப்புக் குழாய்க்குள் இருக்கிறது. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத் துளி திரவத்தை அடைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் சிப்பின் சூட்டுக்கே அது ஆவியாகிவிடும். ஆவி மேலே ஓடும், தகடுகளிடம் சூட்டைக் கொடுக்கும், மறுபடி திரவமாகிக் குழாய்ச் சுவரின் நுண்துளைகள் வழியே இறங்கி வரும். மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது! 1963ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதற்கு உயிர் கொடுத்தார். செயற்கைக்கோள்களில் ஏறிய இந்த நுட்பம் இப்போது போடியில், எங்கள் மேசைமேல்!

மலைமேல் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்குள் போயிருக்கிறீர்களா? அடுப்பில் விறகு எரியும், சூடான புகை குழாய் வழியே அறைக்குள் ஓடும். புகை வெளியேறிவிடும், சூடு அறையில் தங்கும். 50 டிகிரியை ஒட்டி நிறுத்தி, பச்சைக்காயின் 80 சதவீத ஈரத்தைப் பத்துப் பன்னிரண்டுக்கு இறக்குவார்கள். சூடு எகிறினால் பச்சை நிறம் போச்சு, ஏலத்தில் விலையும் போச்சு. கேபினெட்டுக்குள்ளும் அதே சங்கதி, தலைகீழாக! அங்கே குழாய் சூட்டைக் கொண்டுவருகிறது, இங்கே கொண்டுபோகிறது.

சரி, வேலை ஆரம்பம். முதலில் கம்ப்யூட்டரைச் சில நிமிடம் ஓட்டி, சிப்புக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டை இளக்கினோம். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, திருகுகளை எடுத்து, கூலரை மெல்லத் திருகித் தூக்கினோம். வெடுக்கென்று இழுத்தால் ஏஎம்4 சிப் கூடவே பிய்த்துக்கொண்டு வந்துவிடும், அடியிலுள்ள பின்கள் வளைந்துவிடும். ஒட்டியிருந்த பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததும் சிப்பின் முகம் பளபளவென்று மின்னியது!

மதர்போர்டுக்குப் பின்னால் ஒரு உலோகத் தகடு இருக்கும். முன்பக்கத் திருகுகள் கழன்றால் அது நழுவிவிடும், ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்தக் கை என்னுடையது.

"மாமா, கூலருக்கு அடியில பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கு பாருங்க!"

"உரிச்சிடு மாப்ள! அதோட மாட்டினா சூடு எப்படி ஏறும்?"

சிப்பின் நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட். கூலரை நேராக இறக்கி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றித் திருகினோம். ஒரு பக்கம் மட்டும் முழுக்க இறுக்கினால் பேஸ்ட் சமமாகப் பரவாது. ஃபேன் காற்று கேபினெட்டின் பின்பக்கம் நோக்கி. ஒயர், மதர்போர்டில் சிபியு ஃபேன் என்று போட்டிருக்கும் நான்கு பின் இடத்தில்.

பட்டனை அழுத்தினோம். அதே வீடியோ, அதே ரெண்டர். எண் ஏறுகிறது, அறுபது, அறுபத்தைந்து, எழுபதுக்குப் பக்கத்தில் வந்து நின்றேவிட்டது! இருவரும் கைதட்டினோம்.

எந்த ஃபேன் கூலரும் அறைக்காற்றைவிடக் கீழே குளிர்விக்காது. அதனால் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி மலைமேல் உள்ள போடிமெட்டில் இதே கம்ப்யூட்டரை வைத்தால், ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்துக்கு ஆறு டிகிரிவரை காற்று குளிரும். மேலே காற்று மெலிவதால் அதில் கொஞ்சம் குறைந்தாலும் மிச்சம் நமக்கு லாபம்! கீழே இருப்பவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஆடிக் காற்று அள்ளிவரும் தூசி தகடுகளுக்குள் அடையும், பிரஷ் வைத்துத் தட்டிவிடுங்கள். விலை உயர்ந்த கூலரைத் தேடி அலையுமுன் உங்கள் கேபினெட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். 2,000 ரூபாயும் பொறுமையான ஒரு கையும் இருந்தால் போதும், காசு கொடுத்து வாங்கிய வேகம் முழுசாகக் கைக்கு வரும்.