தோட்டா நிரப்பும் கைக்கருவிகள்

சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக் கூட்டைத் தூக்கி எறியாமல், அதில் மறுபடியும் மருந்தும் ரவையும் அடைத்துக்கொள்ள உதவும் சிறு கருவிகளே தோட்டா நிரப்பும் கைக்கருவிகள். பழைய வேட்டைத் துப்பாக்கி இருந்த வீடுகளின் பரணில் மரப்பெட்டியிலோ தகர டப்பாவிலோ இவை கிடைப்பதுண்டு. துப்பாக்கிக்கு உரிமம் பெற்றிருந்தவர் இறந்த பிறகு, பெட்டியைத் திறக்கும் பிள்ளைகளுக்கு இவை என்னவென்றே தெரிவதில்லை. பித்தளைக் கிண்ணம், மரக்கோல், நடுவில் துளையிட்ட கட்டை என்று பார்வைக்கு அடுக்களைச் சாமான் போல இருக்கும். சட்டம் இவற்றை அப்படிப் பார்ப்பதில்லை.

தோட்டாவும் அதன் உறுப்புகளும்

குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, துணியோ நாரோ வைத்து, ரவையைப் போட்டு, நீண்ட கோலால் இடித்துச் சுடும் துப்பாக்கியே முதலில் இருந்தது. தமிழ்நாட்டில் இன்றும் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான். 19ஆம் நூற்றாண்டில் குழலின் பின்பக்கம் திறந்து மூடும் துப்பாக்கிகள் பரவின. அவற்றுக்காக மருந்து, ரவை, தீ மூட்டும் கேப்பு மூன்றையும் ஒரே கூட்டில் அடைத்த தோட்டா வந்தது. கூடு காகித அட்டையால் ஆனதாகவோ முழுப் பித்தளையாகவோ இருக்கும். வெடிக்கும்போது மருந்து எரிந்துபோகிறது, ரவை பறந்துவிடுகிறது, கேப்பு நசுங்கிவிடுகிறது. கூடு மட்டும் எஞ்சுகிறது. கைக்கருவிகள் பிறந்ததற்கு இந்த மிச்சமே காரணம்.

‘12 போர்’ என்னும் பெயரும் கையால் ஈயக் குண்டு வார்த்த காலத்தின் எச்சம். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாக 12 குண்டுகளாக வார்த்தால், அந்தக் குண்டு ஒன்று எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். குழலின் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். ஒரு பவுண்டுக்கு 16 குண்டு என்றால் குண்டு சிறியது, குழலும் குறுகியது. எண் கூடக் கூடக் குழல் சிறுத்துப்போவது புதிதாகக் கேட்பவருக்கு விந்தையாகத் தோன்றும்.

பெட்டியில் இருப்பவை

நசுங்கிய பழைய கேப்பை வெளியே தள்ள ஓர் ஊசி, புதியதைப் பொருத்த ஒரு கட்டை, மருந்துக்கும் ரவைக்கும் தனித்தனி அளவுக் கிண்ணங்கள், மருந்துக்கு மேலே வைக்கும் தக்கையை அழுத்த ஒரு மரக்கோல் ஆகியவை அடிப்படையானவை. அட்டைக் கூடாக இருந்தால் அதன் வாயை உட்பக்கமாகச் சுருட்டி மூட, கைப்பிடி வைத்த ஒரு சுழற்பொறியும் வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜேம்ஸ் டிக்சன், ஹாக்ஸ்லி போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்து விற்றன.

விலைக்கு வாங்க முடியாதவர்கள் வீட்டிலேயே செய்துகொண்டது பல நாடுகளில் நடந்தது. சுழற்பொறி நீங்கலாக மற்றவற்றில் நுட்பமான வேலை அதிகம் இல்லை. அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு கடைபவர் கையில் கொடுத்தால் தக்கைக் கோல் ஒன்று கடைந்து தர அதிக நேரம் ஆகாது. அமெரிக்காவில் ரிச்சர்டு லீ என்பவர் தம் வீட்டுப் பட்டறையில் உருவாக்கிய கைக்கருவித் தொகுதி 1958இல் விற்பனைக்கு வந்து, பின்னர் பெரிய நிறுவனமாகவே வளர்ந்தது.

ஆபத்து பெரும்பாலும் அளவுக் கிண்ணத்தில்தான் இருக்கிறது. கிண்ணம் எடையை அளப்பதில்லை, கொள்ளளவையே அளக்கிறது. பழைய கருமருந்துக்கு ஏற்றபடி செய்த கிண்ணத்தில் 1884க்குப் பிறகு வந்த புகையில்லா மருந்தை நிரப்பினால், கிண்ணம் அதேதான், ஆற்றலோ பல மடங்கு. குழல் தாங்காமல் அடிப்பக்கத்தில் வெடிக்கும். குழலைத் தாங்கிப் பிடித்திருக்கும் கையும் முகமும் அருகிலேயே இருக்கும். அப்பா செய்த கிண்ணம் எந்த மருந்துக்காகச் செய்யப்பட்டது என்பது அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். பெட்டியின் மேல் அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில்

திருநெல்வேலிச் சீமையில் துப்பாக்கி வைத்திருப்பது நெடுங்காலமாக அரசு கண்காணித்துவரும் செயல். பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பரில் வெளியான கும்பினி அறிக்கை, கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிம முறையை நாடு முழுவதற்கும் விரித்தது.

பொதிகை மலையடிவாரத்தில் உள்ள விக்கிரமசிங்கபுரத்துக்கு மேற்கே இருக்கும் காடுகளில் வேட்டைக்கான இடமும் படிப்படியாகச் சுருங்கியது. முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் சரணாலயங்கள் ஆயின. இரண்டும் சேர்ந்து 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன.

பயிரைக் காக்கத் துப்பாக்கி வேண்டும் என்ற வாதம் மட்டும் மிஞ்சியது. காட்டுப்பன்றிகளைச் சுடுவது பற்றி 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே அதற்கு இடமுண்டு. அங்கும் சுட வேண்டியவர் பயிற்சி பெற்ற வனத்துறையினர், விவசாயி அல்லர். மலையை ஒட்டி வயல் வைத்திருப்பவருக்கு, பன்றி அதிகம் வரும் இடத்தில் இந்த அனுமதி எட்டுவதில்லை என்ற குறை நியாயமானதே. ஆனாலும் பரணில் இருக்கும் பெட்டி அதற்குத் தீர்வாகாது.

சட்டம் சொல்வது

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, தோட்டா உள்ளிட்ட வெடிபொருள்களுக்குத் தரும் வரையறையில் அவற்றைத் தயாரிக்கும் எந்திரத்தையும் சேர்த்திருக்கிறது. அதாவது, தோட்டா ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அதை அடைக்கும் கருவி கேள்விக்குள்ளாகலாம். சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு உதிரிப் பாகங்களுக்கு 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. தனியாகக் கிடக்கும் ஒரு மரக்கோலுக்கு அது பொருந்தக்கூடும். கேப்பு, மருந்து, கூடு எல்லாம் சேர்ந்திருக்கும் பெட்டிக்கு அது பொருந்தும் என்று நம்பி இருந்துவிட முடியாது.

துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற்றவர் தோட்டாவை விலைக்கு வாங்கலாம். மகாராஷ்டிரத்தின் கட்கி தொழிற்சாலையில் தயாரான ‘சக்திமான்’ தோட்டாக்கள் அப்படி விற்கப்பட்டவை. தோட்டா தயாரிப்பது வேறு செயல், அதற்கு 5ஆம் பிரிவின்படி தனி உரிமம் தேவை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் தயாரிப்பதற்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

உரிமம் பெற்றிருந்தவர் இறந்துவிட்டால், துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி வாரிசு புதிய உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தாலும் துப்பாக்கிக்குத்தான், தோட்டா நிரப்புவதற்கு அல்ல.

பெட்டிக்குள் பழைய மருந்து டப்பாவோ கேப்புகளோ இருந்தால் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடப்பதைத் தவிர்க்க வேண்டும். ஈரம் படாத கருமருந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். கேப்புக்கு ஒரு தட்டே போதும். டப்பாவைத் திறக்காமல், அடுப்பிலோ குப்பையிலோ போடாமல், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல்துறைக்குத் தகவல் சொல்லி வரவழைக்க வேண்டும்.