வீடு விற்பதற்கு முன் கிணற்றுத் தண்ணீருக்கு டெஸ்ட்: நியூ ஜெர்சி சட்டம் என்ன சொல்கிறது?

வீடு பார்க்கப் போனால், புரோக்கர் முதல் வேலையாக மோட்டாரைப் போடுவார். குழாயில் தண்ணீர் பீறிட்டு வரும். "ஒரு வாய் குடிச்சுப் பாருங்க சார், இளநீர் மாதிரி இருக்கும்" என்பார். நாமும் குடிப்போம். உப்புக் கரிக்கலையா? அப்போ தண்ணி சூப்பர். அதோடு அந்த சப்ஜெக்ட் முடிந்தது. அதன்பிறகு வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் என்று ஓட ஆரம்பித்துவிடுவோம்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இந்த 'ஒரு வாய்' டெஸ்ட் செல்லாது. சொந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் வீட்டை விற்க வேண்டுமென்றால், தண்ணீரின் லேப் ரிப்போர்ட்டை விற்பவரும் வாங்குபவரும் படித்துப் பார்த்து, 'பார்த்தோம்' என்று எழுத்துப்பூர்வமாகக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் கிரயம் முடியும். 2001-ல் நிறைவேறி, 2002 செப்டம்பரில் அமலுக்கு வந்த தனியார் கிணறு பரிசோதனைச் சட்டம் இதைக் கட்டாயமாக்குகிறது.

நம்ம ஊர் ஐடி ஆட்கள் நிறைய பேர் வசிக்கும் மாநிலம் அது. எடிசன் பக்கம் அபார்ட்மெண்ட்டில் இருக்கும்வரை குழாய்த் தண்ணீர்தான், கிணற்றைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. கொஞ்சம் பெரிய வீடு, தோட்டம் என்று மேற்கே ஹண்டர்டன் கவுண்டி பக்கம் தேட ஆரம்பித்தால் கதை மாறும். அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு போர்வெல்தான். மாநிலம் முழுக்க சுமார் பத்து லட்சம் பேர் இப்படித் தனியார் கிணறுகளை நம்பியிருக்கிறார்கள்.

அரசு ஏற்கெனவே டெஸ்ட் பண்ணாதா?

பண்ணாது. அமெரிக்காவின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் 1974-ல் வந்தது. ஆனால் அது பொதுக் குடிநீர் அமைப்புகளுக்கு மட்டும்தான். ஒரு வீட்டுக்கு மட்டும் தண்ணீர் தரும் கிணறு அதன் எல்லைக்குள் வராது. உங்கள் கிணறு, உங்கள் பொறுப்பு. அந்த ஓட்டையைத்தான் சில மாநிலங்களும் கவுண்டிகளும் வீடு கைமாறும் நேரத்தில் அடைக்கப் பார்க்கின்றன. ஓரிகன் மாநிலத்தில் ஆர்சனிக், நைட்ரேட், கோலிஃபார்ம் பாக்டீரியா என மூன்று டெஸ்ட். நியூயார்க்கை ஒட்டிய வெஸ்ட்செஸ்டர் கவுண்டி தனக்கென்று ஒரு உள்ளூர்ச் சட்டமே வைத்திருக்கிறது.

நியூ ஜெர்சியின் பட்டியல் ரொம்ப நீளம். பாக்டீரியா, நைட்ரேட், ஈயம், ஆர்சனிக், பெட்ரோல் மற்றும் கரைப்பான்களிலிருந்து வரும் ரசாயனங்கள் எல்லாம் உண்டு. 2021 டிசம்பரில் யுரேனியத்தையும், 'அழியா ரசாயனங்கள்' எனப்படும் பிஃபாஸ் வகையில் மூன்றையும் சேர்த்தார்கள். ஆர்சனிக்குக்கு அமெரிக்க மத்திய அரசின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நியூ ஜெர்சியில் அதில் பாதி, வெறும் 5.

ஏன் இவ்வளவு கறார்? வடக்குப் பக்கம் சில இடங்களில் பாறையிலேயே ஆர்சனிக் இருக்கிறது. எந்த ஃபேக்டரியும் கொட்ட வேண்டியதில்லை, தண்ணீர் பாறை வழியாக வரும்போது தானாகவே கரைந்து வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசி கிடையாது. தெற்கே சில கிணறுகளில் பாதரசம், கதிரியக்கம். இதில் எதையும் நாக்கு கண்டுபிடிக்காது.

ஃபெயில் ஆனால் வீட்டை விற்க முடியாதா?

பலரும் இங்கேதான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். தாராளமாக விற்கலாம். தண்ணீரைச் சரிசெய்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்றுகூட இந்தச் சட்டம் சொல்லவில்லை. ஃபில்டர் யார் போடுவது, விலையில் எவ்வளவு குறைப்பது என்பதெல்லாம் இரு தரப்பும் பேசி முடிக்க வேண்டியது. டெஸ்ட்டுக்கு ஆகும் நூற்றுக்கணக்கான டாலர்களை யார் கட்டுவது என்பதும் அப்படித்தான். சட்டம் விடாப்பிடியாக நிற்பது ஒரே விஷயத்தில்: தெரியாமல் வாங்கக் கூடாது.

அதற்காக சின்னச் சின்ன ஓட்டைகளையும் அடைத்திருக்கிறார்கள். விற்பவரே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் கொடுக்க முடியாது, அங்கீகாரம் பெற்ற லேப் சார்பில் ஆள் வந்துதான் சாம்பிள் எடுக்க வேண்டும். அதுவும் ஃபில்டருக்கு முன்னால் வரும் தண்ணீர். ஃபில்டர் என்றைக்கு வேண்டுமானாலும் கெட்டுப்போகலாம் இல்லையா? ரிசல்ட் மாநில சுற்றுச்சூழல் துறைக்கும் போகும். வாடகைக்கு விடுபவர்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை டெஸ்ட் செய்து, குடியிருப்பவருக்கு நகல் தர வேண்டும்.

பலன் இருந்ததா? 2002 முதல் 2007 வரை 51 ஆயிரத்துக்கும் அதிகமான கிணறுகள் பரிசோதிக்கப்பட்டன. ஈயத்தைத் தவிர்த்துப் பார்த்தால், சுமார் 88 சதவீதம் உடல்நலம் சார்ந்த எல்லா அளவுகோல்களிலும் பாஸ். மீதி 12 சதவீதம் சின்ன எண் மாதிரி தெரியும். கணக்குப் போட்டால் ஆறாயிரம் குடும்பங்கள்.

ஒரு பெரிய குறையும் உண்டு. விற்றாலோ வாடகைக்கு விட்டாலோதான் டெஸ்ட். நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும் தாத்தா, பாட்டியை இந்தச் சட்டம் தொடவே தொடாது. என்னைக் கேட்டால், அதிகம் குடித்தவர்கள் அவர்கள்தான்.

நம்ம ஊரில்?

தமிழ்நாட்டில் பத்திரப்பதிவின்போது தண்ணீர் ரிப்போர்ட் யாரும் கேட்பதில்லை. ஆனால் நீங்கள் கேட்கலாம், தடை எதுவும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பிரச்சினை பல காலமாக இருப்பது தெரிந்ததுதான். அதற்கும் ருசி கிடையாது.

ஆன்லைனில் வாங்கிய பேனா சைஸ் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்து '300தான் காட்டுது, ஓகே' என்று முடிவு செய்பவர்கள் கவனிக்க: கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவைத்தான் அது தோராயமாகச் சொல்லும். அதற்குள் ஃப்ளோரைடு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று சொல்லாது. பாக்டீரியாவைச் சுத்தமாகக் காட்டாது. 'கொதிக்க வச்சா சரியாகிடும்' என்பது பாக்டீரியாவுக்குச் சரி. நைட்ரேட், ஃப்ளோரைடு, ஆர்சனிக் மூன்றும் கொதித்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட லேப்களில் கட்டணம் கட்டி டெஸ்ட் செய்துகொள்ளலாம். ரிப்போர்ட்டை ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தோடு ஒப்பிடுங்கள்: நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம், ஃப்ளோரைடு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. அமெரிக்க ரிப்போர்ட்டில் நைட்ரேட் வரம்பு 10 என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அவர்கள் அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிடுகிறார்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். முடியாவிட்டால், ரிப்போர்ட் வந்தபிறகுதான் மீதிப் பணம் என்று கிரய ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மேல்நிலைத் தொட்டியிலிருந்து இல்லாமல் போரிலிருந்து நேராகப் பிடியுங்கள். பாக்டீரியா டெஸ்ட்டுக்கு லேபிலேயே கிருமிநீக்கம் செய்த பாட்டில் கேட்டு வாங்க வேண்டும். காரில் கிடக்கும் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஆகாது.