தகதிமி சொல்லி மெட்டல் வாசிக்கலாம்!

புரோகிரசிவ் மெட்டல் ரிதம் கிட்டார் பழக உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எப்படி உதவும்?

ஆண்டுதோறும் ஜூன் 21-ஐ ஒட்டிப் புதுச்சேரியில் இசைத் திருவிழா நடக்கிறது. 1982-ல் பிரான்சில் தொடங்கிய ‘ஃபேத் தெ லா மியூசிக்’ விழாவின் நம் ஊர் வடிவம் இது. இந்த மாதிரி மேடையில் எலக்ட்ரிக் கிட்டாரோடு நிற்க வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர்கள் இங்கே நிறைய உண்டு. அவர்களில் புரோகிரசிவ் மெட்டல் பிரியர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கார்டு தெரியும், ஸ்கேல் தெரியும், இடது கை வேகமாக ஓடும். ஆனால் தாளம் 7-க்கும் 9-க்கும் மாறியதும் வலது கை நின்றுவிடும்.

உடனே பலரும் செய்வது, புதிய எஃபெக்ட்ஸ் பெடல் வாங்குவது. பிரச்னை பெடலில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. எண்ணக் கற்றுக்கொள்ள நம்மிடம் மிகப் பழைய, மிக எளிய முறை ஒன்று இருக்கிறது. அதுதான் மிருதங்க வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் சொற்கட்டு.

ஸ்வீடனுக்குப் போன சொற்கட்டு

சொற்கட்டை வாயால் சொல்லும் கலைக்குக் கொன்னக்கோல் என்று பெயர். கிட்டார் மேதை ஜான் மெக்லாக்லின், கஞ்சிராக் கலைஞர் வி. செல்வகணேஷுடன் சேர்ந்து 2007-ல் கொன்னக்கோல் கற்பிக்கும் டிவிடி ஒன்றையே வெளியிட்டார். அதே 2007-ல் ஸ்வீடன் மெட்டல் கிட்டாரிஸ்ட் மத்தியாஸ் எக்லுண்ட், பேஸ் கலைஞர் யோனாஸ் ஹெல்போர்க் ஆகியோருடன் செல்வகணேஷ் வாசித்த ‘ஆர்ட் மெட்டல்’ ஆல்பமும் வந்தது. வெளிநாட்டு கிட்டாரிஸ்ட்கள் தேடி வந்து கற்ற இந்த வித்தை நமக்கு அடுத்த தெருவிலேயே கிடைக்கும். அரியாங்குப்பத்தில் உள்ள பாரதியார் பல்கலைக்கூடம் போன்ற இசைக் கல்வி நிறுவனமும் நம் ஊரிலேயே இருக்கிறது.

முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியவை இவ்வளவுதான்:

3 - தகிட
4 - தகதிமி
5 - தகதகிட
7 - தகிட தகதிமி
9 - தகதிமி தகதகிட

டூல் குழுவின் 2001-ம் ஆண்டுப் பாடலான ‘லாட்டரலஸ்’ஸில் ஒரு பகுதி 9, 8, 7 என்று ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போகும். மேல்நாட்டு முறையில் எண்ணினால் தலை சுற்றும். தகதிமி தகதகிட, தகதிமி தகதிமி, தகிட தகதிமி என்று சொல்லிப் பாருங்கள், வாயில் உட்கார்ந்துவிடும். இப்படிப் படிப்படியாகக் குறைந்து வருவதை நம்மவர்கள் பசுவின் வால் வடிவம் என்ற பொருளில் ‘கோபுச்ச யதி’ என்பார்கள்.

கணக்கு எங்கே இருக்கிறது?

1987-ல் ஸ்வீடனில் உருவான மெஷுகா குழுவின் பாடல்களைக் கேட்டால், தாளமே தப்புவது போலத் தோன்றும். உண்மையில் டிரம்மரின் ஒரு கை பெரும்பாலும் சாதாரண 4 எண்ணிக்கையைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். கிட்டாரும் கால் டிரம்மும் மட்டும் ஒற்றைப்படை நீளமுள்ள துண்டை அதன் மேல் திரும்பத் திரும்ப வாசிக்கும். 4 அல்லது 8 பார் முடிவில் மீதியை வெட்டிச் சரிசெய்து, முதல் அடிக்கு ஒன்றாக வந்து சேர்வார்கள்.

இதை ஆதி தாளத்தில் போட்டுப் பாருங்கள். 8 அட்சரம், ஒவ்வொன்றிலும் 4 மாத்திரை, மொத்தம் 32. இதில் 7 மாத்திரைத் துண்டு 4 முறை வந்தால் 28. மீதி 4. அதாவது ‘தகிட தகதிமி’ 4 தடவை, கடைசியில் ஒரு ‘தகதிமி’. சரியாக சமத்துக்கு வந்துவிடுவீர்கள்! 5 மாத்திரைத் துண்டு என்றால் 6 முறை வாசித்து, மீதி 2-க்கு ‘தக’ போட்டால் போதும். மேல்நாட்டு முறையில் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் என்பது 4/4-ல் 2 பார்.

என்னென்ன தேவை?

கம்ப்யூட்டரின் மைக் துளையில் கிட்டாரை நேரடியாகச் செருகாதீர்கள். கிட்டார் பிக்கப்புக்கும் அதற்கும் ஒத்துவராது. ஒலி மங்கலாக, இரைச்சலோடு வரும். ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று குறித்த உள்ளீடு உள்ள சிறிய யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று அவசியம். எர்த் இணைப்பு சரியாக உள்ள 3 பின் பிளக்கைப் பயன்படுத்துங்கள். கடற்கரை ஊரில் உப்புக்காற்றால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி, பாடக்குறிப்பை எழுதி வாசிக்கவைத்துக் கேட்க டக்ஸ்கிட்டார். இரண்டும் இலவசம். பின்னர் தேவைப்பட்டால் ரீப்பர். விண்ஆம்ப் பிளேயரை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கலின் படைப்பு இது. 60 நாட்கள் முழு வசதியோடும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு உரிமம் வாங்கிக்கொள்ளலாம்.

ஆம்ப்ளிஃபயர் மென்பொருளை ஓட்டி வாசிக்கும்போது, கம்பியைத் தட்டிய பிறகு ஒலி தாமதமாக வந்தால் பயிற்சியே கெடும். டிரைவர் செட்டிங்கில் ‘பஃபர்’ அளவைக் குறையுங்கள். 44,100 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் என்றால் 23 மில்லி செகண்ட் தாமதம். 256 என்றால் 6-க்கும் குறைவு. உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை என்று இது இரட்டிப்பாகும். ஒலி விட்டு விட்டு வந்தால் மட்டும் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இனி பயிற்சி

1. கிட்டாரைத் தொடாதீர்கள். கையால் ஆதி தாளம் போட்டுக்கொண்டு ‘தகிட தகதிமி’ 4 முறை, ‘தகதிமி’ ஒரு முறை சொல்லுங்கள். கை தடுமாறாமல் 10 ஆவர்த்தனம் வர வேண்டும்.

2. ஆடாசிட்டியில் ஜெனரேட் மெனுவில் ‘ரிதம் ட்ராக்’ தேர்ந்தெடுங்கள். டெம்போ 60, ஒரு பாருக்கு 4 பீட், 16 பார் என்று கொடுங்கள். இதுதான் உங்கள் தாளம்.

3. வலது உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜ் அருகே கம்பியின் மீது லேசாக வைத்து, தடித்த கம்பியை மட்டும் வாசியுங்கள். இதுதான் பாம் மியூட்டிங். பிக் மேலும் கீழும் மாறி மாறி, ஒரு பீட்டுக்கு 4 தட்டு என்று நிற்காமல் போகட்டும். ‘தகிட’வின் ‘த’, ‘தகதிமி’யின் ‘த’ இரண்டையும் மட்டும் அழுத்தித் தட்டுங்கள். 7 ஒற்றைப்படை என்பதால் அழுத்தம் ஒரு முறை கீழ்த்தட்டிலும் அடுத்த முறை மேல்தட்டிலும் விழும். கஷ்டமே இதில்தான் இருக்கிறது. இரண்டு தட்டிலும் ஒரே பலம் வரும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள்.

4. இப்போது தாளத்தையே மறைத்துவிடுவோம். டெம்போ 60-ல் ஒரு பார் 4 வினாடி. ரிதம் ட்ராக்கில் 4-லிருந்து 8, 12-லிருந்து 16 வினாடி என்று ஒன்றுவிட்டு ஒரு பாரைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + எல் அழுத்துங்கள். அந்தப் பகுதி மௌனமாகிவிடும். மௌனத்தில் வாசித்து, மெட்ரோனோம் திரும்பும்போது நீங்களும் சரியாக அங்கே இருக்க வேண்டும். இதில் தேறினால் டெம்போவை 5 கூட்டுங்கள்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது

இவ்வளவையும் வெறும் மெட்ரோனோம் வைத்தும் செய்யலாமே, கம்ப்யூட்டர் எதற்கு? கண்ணால் பார்ப்பதற்கு! வாசித்ததைப் பதிவுசெய்து, அலைவடிவத்தை ஜூம் செய்யுங்கள். டெம்போ 60-ல் ஒவ்வொரு தட்டும் 0.25 வினாடி இடைவெளியில் நிற்க வேண்டும். எல்லாத் தட்டும் ஒரே அளவு தள்ளி நின்றால் அது கம்ப்யூட்டரின் தாமதம். பிரிஃபரன்சஸில் ‘லேட்டன்சி காம்பன்சேஷன்’ மதிப்பை மாற்றிச் சரிசெய்யலாம். ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் அலைந்தால் அது கையின் தாமதம். அதற்கு எந்த செட்டிங்கும் கிடையாது, பயிற்சி மட்டுமே உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிந்திய தட்டுகளை இழுத்துச் சரியான இடத்தில் பொருத்தும் ‘குவாண்டைஸ்’ வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. ஆல்பம் தயாரிப்பவர்களுக்கு அது கருவி. பழகுபவருக்கு அது காப்பி அடிப்பதற்குச் சமம். பதிவு அழகாக இருக்கும், மேடையில் மானம் போகும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் தொடங்கி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறோம். டெல்லியைச் சேர்ந்த கேஷவ் தர் தன் வீட்டு ஸ்டுடியோவில் தொடங்கிய முயற்சிதான் ‘ஸ்கைஹார்பர்’. பாடகர் டேனியல் டாம்ப்கின்ஸ் இங்கிலாந்துக்காரர், டிரம்மர் அமெரிக்காவில் இருந்தவர். இணையம் வழியாகவே இணைந்து உருவாக்கிய முதல் ஆல்பம் 2012-ல் வெளிவந்தது. இப்படி ஆளுக்கொரு நாட்டில் பதிவுசெய்து ஒன்றாகச் சேர்க்க வேண்டுமானால், ஒவ்வொருவர் தாளமும் கத்தி போல நிற்க வேண்டும்.

தினமும் 20 நிமிடம் ஒதுக்குங்கள்: 5 நிமிடம் வாயால், 10 நிமிடம் கிட்டாரில், 5 நிமிடம் பதிவைப் பார்ப்பதில். முதல் மாதப் பதிவுகளைத் தேதி போட்டு சேமித்து வையுங்கள், அழிக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் மிருதங்கம், தவில் வாசிப்பவர்கள் இருந்தால் ‘தகிட தகதிமி’யை எப்படிச் சொல்வது என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள். ஒரு பெடல் வாங்கும் செலவு மிச்சம்!