முறிந்த செம்பருத்தியைப் பிடுங்காதீர்கள்

புயல் கடந்த மறுநாள் கிளை முறிந்து, இலை உதிர்ந்து நிற்கும் செம்பருத்தியைப் பார்த்ததும், 'பட்டுப்போச்சு' என்று வேரோடு பிடுங்கிவிடுகிறோம். அவசரம் வேண்டாம். தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் இன்னும் கீழே சுரண்டுங்கள். மேலே காய்ந்த செடி அடித்தண்டில் பச்சையாக இருப்பது சாதாரணம்.

உதிர்ந்த இலையின் தழும்புக்கு மேலே கடுகளவில் ஒரு புடைப்பு தெரியும். அதுதான் உறங்குமொட்டு. நுனிக்குருத்து இருக்கும்வரை அது விழிப்பதில்லை. நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழிறங்கி வந்து அதை அடக்கிவைக்கிறது. 1930களில் தாவர ஆய்வாளர்கள் கென்னத் திமனும் ஃபோல்கே ஸ்கூகும் அவரை இனச் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாயில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனி போன பிறகும் பக்கமொட்டுகள் அடங்கியே கிடந்தன.

ஆனால் ஆக்சின் மட்டுமே காரணம் அல்ல. 2014இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பட்டாணிச் செடியில் ஒன்றைக் கண்டார்கள். நுனியை வெட்டியதும், மொட்டருகே ஆக்சின் குறைவதற்கு முன்பே மொட்டு வளரத் தொடங்கிவிடுகிறது. நுனிக்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை மொட்டுக்குக் கிடைப்பதுதான் அதை முதலில் எழுப்புகிறது.

செடி வளர்ப்பவர்களுக்கு முக்கியமான செய்தி இதுதான். அந்தச் சர்க்கரை, தண்டும் வேரும் சேமித்த மாவுச்சத்திலிருந்தும் மிச்சமிருக்கும் இலைகளிலிருந்தும்தான் வரவேண்டும். எனவே கிழிந்த இலையானாலும் பச்சை இருந்தால் விட்டுவையுங்கள். 'மொட்டையடித்தால் நன்றாகத் துளிர்க்கும்' என்பது நல்ல நிலையில் உள்ள செடிக்குச் சரி. நொந்த செடிக்கு ஆகாது. பிளந்த கிளையை மட்டும் கூரான கத்தரியால், பச்சை தெரியும் இடத்தில், கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். நார்நாராகக் கிழிந்த காயத்தைவிட வழவழப்பான வெட்டு சீக்கிரம் ஆறும்.

உரத்தை உடனே கொட்டாதீர்கள். அடிபட்ட வேர் கருகிவிடும். நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது, ஆகவே முதல் வேலை அதை வடிப்பது. செடி ஆடினால் புதுவேர் அறுந்துபோகும். கம்பு ஊன்றிக் கட்டுங்கள். துளிர் விரிந்த பிறகு கொஞ்சம் மட்கிய எரு போதும். அந்த இளந்துளிரைத்தான் மாவுப்பூச்சி தேடி வரும். கண்டவுடன் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள்.

செம்பருத்தி பூப்பது புதுக்கிளையில்தான். அடித்தண்டில் பச்சை இருக்கும்வரை மண்வெட்டியை எடுக்காமல் ஓரிரு மாதம் பொறுத்திருங்கள்.